நன்றிப் பக்கத்தில் யார் பெயர்?

ஒரு கல்லூரி மாணவர் அணியோடு கடந்த ஓராண்டாகக் கூட நடந்தேன். பதினொரு பேர், எல்லோரும் இளங்கலை. அவர்கள் எடுத்துக்கொண்டது செயற்கை உயிரியல் ஆய்வு. போன மாதம் அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் உயிரியல் படித்தவள் இல்லை. சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டுத் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் பத்தாண்டுகளாக வேலை செய்கிறேன். ஆய்வகத்துக்கும் மக்களுக்கும் நடுவில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஆய்வுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்தப் பதிவு. கூடவே, நன்றி என்ற சொல்லை நாம் எப்படிப் புழங்குகிறோம் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது தோழர்களே.

முதலில் துறையைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பாக்டீரியாவுக்குள் புதிய மரபணுத் துண்டுகளைச் சேர்த்து, அதற்கு இல்லாத ஒரு வேலையைச் செய்யவைப்பதுதான் செயற்கை உயிரியல். "இந்த வேதிப்பொருள் பக்கத்தில் வந்தால் பச்சையாக ஒளிர்" என்று ஒரு கட்டளையை எழுதிச் செருகுவதுபோல. மாணவர்களுக்கென்றே இதில் 'ஐஜெம்' என்ற உலகப் போட்டி இருக்கிறது. 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு குறுகிய வகுப்பாகத் தொடங்கியது. 2004இல் 5 அணிகளோடு போட்டியானது. இன்று உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் வருகின்றன. சென்னை ஐஐடி மாணவர்களும் பங்கேற்றிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளவில்லை. பதிவுக் கட்டணமே பல ஆயிரம் டாலர், பாரிஸ் பயணச் செலவு தனி. "கட்டணம்தானே இல்லை, அவங்க விதிமுறையை எடுத்துக்க யார் காசு கேட்கப் போறா?" என்று அணியில் ஒரு தம்பி சொன்னான். அப்படியே செய்தார்கள். அந்தப் போட்டியின் இரண்டு எதிர்பார்ப்புகளை மட்டும் சுவரில் ஒட்டிவைத்தார்கள். ஒன்று, உங்கள் ஆய்வு யார் வாழ்க்கையைத் தொடுமோ அவர்களிடம் போய்ப் பேச வேண்டும். இரண்டு, எந்த வேலையை மாணவர்கள் செய்தார்கள், எதை மற்றவர்கள் செய்தார்கள் என்று பிரித்து எழுத வேண்டும்.

அவர்கள் எடுத்த தலைப்பு ஹைட்ரஜன் சல்பைடு. செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளைக் கொல்லும் வாயு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இந்த வாயுவை உணர்ந்து ஒளிரும் பாக்டீரியாவைச் செய்து, அதை ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, இறங்குவதற்கு முன்னால் காட்டிப் பார்க்கும் கருவியாக்குவது என்பது முதல் திட்டம்.

திட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருப்புக்குப் போனோம். கழிவுநீர் வேலையில் இருபது, முப்பது வருடம் கழித்த ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பிள்ளைகள் கணினியில் படம் போட்டு விளக்கினார்கள். மூத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எம்புட்டு நேரத்துல காட்டும் தம்பி?"

"ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்ணே."

"மூணு மணி நேரம் எந்தக் காண்ட்ராக்டருய்யா காத்துக்கிட்டு நிப்பான்?"

பக்கத்திலிருந்தவர் சொன்னதுதான் திட்டத்தையே புரட்டிப்போட்டது. "வாயு மீட்டரு இப்பவே இருக்கு. ஆபீசுல பூட்டி வச்சிருக்காய்ங்க. நீங்க இன்னொண்ணு செஞ்சு குடுத்தா, பச்சை எரியல, எறங்குன்னுதான் சொல்லுவான். எறங்கச் சொல்றதுக்கு நீங்களே ஒரு காரணம் செஞ்சு குடுக்காதீங்க."

பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம், தீர்ப்பு, மீட்டர் எல்லாம் இருந்தும் தமிழ்நாட்டில் சாவு நிற்கவில்லை. வாயுவை அளக்க வழியில்லாததால் இவர்கள் சாகவில்லை. இவர்களை இறக்குகிறவர்களுக்கு அளந்து பார்க்கும் அக்கறை இல்லாததால் சாகிறார்கள். மூன்று மாத நூலக வேலையில் பிடிபடாத இந்த விஷயத்தை அந்த ஐந்து பேர் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

அதன்பிறகு திட்டம் மாறியது. இறங்குமுன் காட்டும் குப்பி கைவிடப்பட்டது. ஹைட்ரஜன் சல்பைடு பாதாளச் சாக்கடைக்குள் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டையும் அரிக்கும். எந்தத் தெருக் குழாயில் சல்பைடு அதிகம் சேர்கிறது என்று தெரிந்தால், அங்கே முதலில் இயந்திரத்தை அனுப்பு, குழாயை மாற்று என்று மாநகராட்சியிடம் கணக்கோடு கேட்கலாம். ஆகவே கழிவுநீர் மாதிரிகளை மூடிய பாட்டிலில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சோதிக்கும் வேலையாக ஆய்வு திரும்பியது. மரபணு மாற்றிய பாக்டீரியா ஆய்வகக் கதவைத் தாண்டவில்லை. 1989ஆம் ஆண்டு விதிகள் சொல்வதும் அதுதான். மாதிரி எடுக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தவர்கள் அந்த ஐந்து பேர். எந்த மூடியைத் திறக்காமலே எங்கே எடுக்கலாம், எந்த நேரத்தில் ஓட்டம் குறையும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கடைசியில் பாக்டீரியா ஒளிர்ந்தது. எல்லா மாதிரியிலும் இல்லை, சிலவற்றில். மாணவர் ஆய்வுக்கு அது நல்ல முடிவு.

இப்போது நன்றிப் பக்கத்துக்கு வருகிறேன்.

அறிக்கையின் முதல் வரைவில் அந்தப் பக்கம் நமக்கெல்லாம் பழகிய வரிசையில் இருந்தது. கல்லூரித் தலைவர், செயலர், முதல்வர், துறைத் தலைவர், அப்புறம் பேராசிரியர்கள். கடைசி வரி: "மற்றும் உதவிய அனைவருக்கும் எங்கள் நன்றி." கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயர் போடுகிற மாதிரி, யாரும் யோசித்துச் செய்ததில்லை. முந்தைய ஆண்டு அறிக்கையில் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி சுவரில் ஒட்டியிருந்த இரண்டாவது விதியைக் காட்டினாள். "இது பதவி வரிசைல்ல? வேலை வரிசை எங்கே?" என்று கேட்டாள். அன்று மாலை ஒரு பெரிய தாளை விரித்து மூன்று கட்டம் போட்டார்கள். என்ன வேலை, யார் செய்தது, அது இல்லையென்றால் என்ன நடந்திருக்கும். மூன்றாவது கட்டத்தை நிரப்பத் தொடங்கியதும் "அனைவரும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ் செய்து தந்த அக்கா. ஒப்பந்த ஊழியர். குடுவையில் சோப்பு ஒட்டியிருந்தால் பாக்டீரியா ஒழுங்காக வளராது, ஒரு வாரச் சோதனை வீண். ஓராண்டில் ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை. பிள்ளைகள் அவரிடம் பெயர் போடப் போவதைச் சொன்னதும், "நான் கழுவத்தானப்பா செஞ்சேன், எம்பேரு எதுக்கு?" என்று சிரித்தார். பிறகு அவரே தன் பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அண்ணன் ஒருவர். உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளிப்போன காலத்திலும் இரவில் உட்கார்ந்து மரபணுத் துண்டை வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தார். பச்சை ஒளிரும் புரதம் முழுமையாக உருவாக ஆக்சிஜன் வேண்டும், காற்றில்லாத குழிக்குள் உங்கள் குப்பி ஒளிராமலே போகலாம் என்று முதல் திட்டத்தின் இன்னொரு ஓட்டையைக் காட்டியவர் அவர்தான். எந்த அறிக்கையிலும் அவர் பெயர் பேராசிரியர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்திருக்கும்.

ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதியின் காவலர் அம்மா. பாக்டீரியா வளர்ச்சியை அரைமணிக்கு ஒருதரம் அளக்க வேண்டிய நாட்களில், காப்பாளர் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினொரு மணிவரை விழித்திருந்து கதவைத் திறந்துவிட்டார். அவர் தூங்கப் போயிருந்தால் விடுதிப் பெண்கள் இருவரும் பகல் வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருப்பார்கள். ஆய்வகத்தில் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதை ஒரு வாசல் கதவும் தீர்மானிக்கிறது.

ஐந்நூறும் ஆயிரமுமாகப் பணம் அனுப்பிய பழைய மாணவர்கள். டிஎன்ஏ துண்டுகள் அந்தப் பணத்தில்தான் வந்தன. உயிரிப் பாதுகாப்புக் குழுவின் முன்னால் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட பேராசிரியர். "நான் செஞ்சதை மட்டும் எழுதுங்க, கூடுதலா ஒரு வரி வேண்டாம்" என்று அவரே சொன்னார். ஒரு வழிகாட்டியை நான் மதிப்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். இவர்கள் எல்லோருக்கும் என் நன்றியும்.

பெயர் எழுதுவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்காக அந்தப் பச்சை ஒளியின் கதையைச் சொல்கிறேன். உலகில் பல மாணவர் அணிகள் புழங்கும் புரதம் அது, ஜெல்லி மீனிலிருந்து வந்தது. அதற்கான மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஆய்வு நிதி தீர்ந்து துறையை விட்டு விலகும்போது, அந்த மரபணுவை மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் ஆகிய இருவருக்கும் அனுப்பிவைத்தார். 2008இல் சால்ஃபி, சியன், ஒசாமு ஷிமோமுரா மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பரிசு பெற்றவர்கள் அவரை மறைக்கவில்லை. வெளிப்படையாக அவர் பங்கைச் சொன்னார்கள். தங்கள் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்தார்கள். பின்னாளில் சியனின் ஆய்வகத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது. எனக்கு இந்தக் கதையில் இரண்டு பாடம். அவர் பங்கு எழுத்தில் பதிவாகியிருந்ததால்தான் உலகம் அவரைத் தேடிப் போக முடிந்தது. ஆனால் பெயர் பதிவானது மட்டும் அவருக்குச் சோறு போடவில்லை.

அதனால்தான் நம் பிள்ளைகள் பெயரோடு நிறுத்தவில்லை. ஆட்டோகிளேவ் அக்கா கிழிந்த துணியை மடித்துப் பிடித்துத்தான் சூடான குடுவைகளை எடுத்துக்கொண்டிருந்தார். வெப்பம் தாங்கும் கையுறை வேண்டும் என்று மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு ஜோடி வந்தது. சம்பளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள், அதற்கு இன்னும் பதில் இல்லை. நன்றி சொன்னவர்களுக்கு அந்தக் கேள்வியைத் தொடரும் கடமையும் இருக்கிறது.

கழிவுநீர்த் தொழிலாளர்கள் ஐந்து பேர் விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. அணி அவர்கள் பெயரை முதல் வரியில் போட விரும்பியது. அவர்களில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். மீட்டர் பூட்டிக் கிடக்கிறது என்று சொன்னது யார் என்று தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது. அவர்கள் பயம் நியாயமானது. பெயரைப் போடாமல், என்ன செய்தார்கள் என்பதைக் குறைக்காமல் எழுதினோம்: 'ஆய்வின் கேள்வியை மாற்றியவர்கள், மாதிரி இடங்களைத் தேர்ந்தவர்கள்.' முன்பு வரைவில் "களத்தகவல் தந்தவர்கள்" என்று இருந்தது. தகவல் தருகிறவர், அறிவைத் தருகிறவர் என்ற இரண்டுக்கும் நடுவில் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆய்வு செய்யப் போகும் ஒவ்வொரு தோழரும் நினைவில் வையுங்கள். ஓய்வு பெறும் வயதிலிருந்த ஐந்தாமவர் மட்டும், "எம்பேரு போடு தாயி, இனிமே என்னை என்ன பண்ணிருவான்?" என்றார். அவர் பெயர் அறிக்கையில் இருக்கிறது.

நம் சமூகத்துப் பிள்ளைகளுக்கு நன்றி என்ற சொல்லே நெருடும் என்று எனக்குத் தெரியும். உதவித்தொகை வந்தால் நன்றியோடு இரு, சீட் கிடைத்தால் நன்றியோடு இரு, விடுதியில் சோறு போடுகிறார்கள், வாயைத் திறக்காதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் கல்வி நலனை அரசு வளர்க்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 46ஆவது பிரிவு சொல்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை யாருடைய தயவும் இல்லை. அது தாமதமானால் கேள்வி கேளுங்கள், வந்தால் வாங்கிப் படியுங்கள். அதற்காக எவருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. தன் வேலை நேரத்தைத் தாண்டி உங்களுக்காக இரவு விழித்த ஒரு மனிதருக்குச் சொல்லும் நன்றி வேறு. உரிமையையும் அன்பையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவைத்ததால்தான் நாம் சில நேரம் சொல்ல வேண்டியவர்களிடமும் சொல்லாமல் வந்துவிடுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் தன் நூல்களின் முதல் பக்கத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலை ஜோதிராவ் புலேவுக்குக் காணிக்கையாக்கினார். 1948இல் தீண்டப்படாதவர்களின் தோற்றம் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவர் நினைவுக்கு அளித்தார். தனக்கு முன்னால் யார் நடந்தார்கள் என்பதைத் தானே முடிவு செய்து எழுதினார். அதே அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956 மார்ச்சில் எழுதிய முன்னுரையில், நோயில் தன்னைக் காத்த மனைவி சவிதாவுக்கு நன்றி சொல்லியிருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் நூல் வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. பின்னாளில்தான் தனியாக வெளிவந்தது. நன்றிப் பக்கத்தை ஒதுக்கிவிடுவது எவ்வளவு எளிது, அதில் எவ்வளவு வரலாறு போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"வேலை வரிசை எங்கே?" என்று கேட்ட மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுடைய சித்தப்பா செப்டிக் டேங்கில் இறந்தவர். ஹைட்ரஜன் சல்பைடு என்ற தலைப்பைச் சொன்னவளே அவள்தான். காரணத்தை மட்டும் பல மாதம் அணியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் இதுவரை இருந்த மாதிரி இருக்க மாட்டார்கள் என்ற பயம். காணிக்கைப் பக்கத்தில் அவர் பெயரைப் போடலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்டாள். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போட்டால் என்னென்ன நடக்கலாம் என்று இரண்டு பக்கமும் பேசினோம். ஒரு வாரம் கழித்து அணிக் கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். சிலர் அழுதார்கள். ஒருவன் அதன்பிறகு அவளோடு முன்புபோல் பேசுவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயர், இறந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்பது மூன்றும் இருக்கின்றன.

ஆய்வேடோ ப்ராஜெக்டோ எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் யோசனை இதுதான். நன்றிப் பக்கத்தைக் கடைசி இரவில் எழுதாதீர்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் யார் எந்த வேலை செய்தார்கள் என்று தேதியோடு குறித்துவாருங்கள். பெயர் போடுமுன் உரியவரிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேலையை எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் அறிக்கையின் அந்தப் பக்கத்தை அடுத்த ஞாயிறு குடியிருப்பில் வாசிக்கப் போகிறோம். சல்பைடு அதிகமுள்ள தெருக்களின் பட்டியலையும் அன்றே கொடுக்கிறோம். அதை மாநகராட்சியிடம் எப்படிக் கொண்டுபோவது, யார் பெயரில் மனு கொடுப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

ஜெய்பீம்.